மேட்டுக்குப் போன ஓடுதளம்

1996 ஜனவரி 9, செவ்வாய்
திரினிடாட், பெனி சமவெளி

மழை. பறக்கவில்லை. ஹூஸ்டனிலிருந்து மைத்துனன் அனுப்பிய பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. உள்ளே கையடக்க ஜி.பி.எஸ். கருவி, விமானிகளுக்கென்றே செய்தது. செங்கல் கனம், தலையில் குட்டை ஆன்டெனா, ஆறு பேட்டரி. கூடவே ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம். என் ஆங்கிலம் கோபுரத்தில் இருப்பவரிடம் தரையிறங்க அனுமதி கேட்கும் அளவுக்குத்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. காலை ஆறரை ரேடியோவில் அர்மிந்தா. அவள் மேற்பார்வை பார்க்கும் லாஸ் கார்சாஸ் பண்ணையை விற்றுவிட்டார்களாம். புது முதலாளி தன் ஆட்களோடு வருகிறாராம். “பிப்ரவரி முடிஞ்சதும் நான் சாந்தா குரூஸுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். ஓவர்.” மாட்டு மருந்து கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

இரண்டு வருடமாகத் தினமும் கேட்கும் குரல். நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அவள் கணவனை இழந்தவள், நான் கட்டாமலே காலம் தள்ளியவன். யாருக்கு என்ன தடை? ஆனால் நாற்பது பண்ணைகள் ஒரே அலைவரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

ஜனவரி 10

கருவியை முற்றத்துக்கு எடுத்துப் போய் வானத்துக்குக் காட்டியபடி நின்றேன். முதல் தடவை செயற்கைக்கோள்களைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்குமாம். கை வலித்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு பெத்ரோனா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்ன கேப்டன், மழைத்தண்ணி பிடிக்கிறீங்களா? அதுக்கு வாளி வேணுமே.”

ஜனவரி 12

விமான நிலைய வாசலில் நிற்கிறேன். அதே விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கையால் பதிந்தேன். அது வடக்கே ஆயிரத்து எழுநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது என்கிறது கருவி!

ஃபௌஸ்தோ வாங்கிப் பார்த்தான். என்னோடு இறைச்சி ஏற்றும் விமானி. அவனிடம் போன வருடமே இந்தக் கருவி வந்துவிட்டது. “மாப்ளே, அது கரீபியன் கடல்டா. நம்ம நாட்டுலதான் கடலே கிடையாதே, துண்டு எடுத்துட்டுப் போ, குளிச்சிட்டு வரலாம்.”

நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே; வடக்கு என்ற எழுத்தைத் தெற்கு என்று மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான். செய்தவர்கள் வடக்கே இருக்கிறார்கள், உலகமே தங்கள் பக்கம்தான் என்று நினைப்பு.

ஜனவரி 20

கருவியை விமானத்தின் முன்கண்ணாடியில் ஒட்டவைத்துப் பறந்தேன். போக வேண்டிய இடத்தைத் தேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் திசையும் தூரமும் வருகின்றன. பக்கக்காற்று என்னை எவ்வளவு தள்ளுகிறது என்பதும் தெரிகிறது. இத்தனை வருடம் ஆற்று வளைவையும் கைக்கடிகாரத்தையும் வைத்து நான் ஊகித்ததை இது யோசிக்காமல் சொல்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திரும்பும்போது பேட்டரி செத்தது. நல்லவேளை, பென்சில் கணக்கை முழங்காலில் வைத்திருந்தேன். அதை விடக் கூடாது.

ஜனவரி 28

போன செப்டம்பரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காடு எரிக்கும் புகையில் லாஸ் கார்சாஸைத் தேடிப் போய், கிடைக்காமல், வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். நாற்பது பண்ணையும் கேட்டது. “பரவாயில்ல கேப்டன், இன்னொரு நாள் வாங்க” என்றாள் அர்மிந்தா. அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. எங்கள் முதலாளி அங்கே இறைச்சி வாங்குவதில்லை, அதனால் போக ஒரு சாக்கும் கிடையாது. இப்போது வெள்ளம் வேறு. கண்ணை நம்பிப் போனால் கிடைக்காது.

பிப்ரவரி 3

லாஸ் கார்சாஸ் ஓடுதளத்தின் எண்களை ஃபௌஸ்தோ கொடுத்தான். ஆகஸ்டில் அங்கே இறங்கியபோது அவனே குறித்தது. கருவியில் பெயருக்கு ஆறு ஆங்கில எழுத்துதான் இடம். அர்மிந்தா முழுதாக உட்காரவில்லை, கடைசி எழுத்து விழுந்துவிட்டது. ஃபௌஸ்தோ திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விசிலடித்துக்கொண்டே போய்விட்டான்.

பிப்ரவரி 7

எங்கே பறந்தாலும் அந்தப் பெயரை அழுத்திப் பார்க்கிறேன். எந்தத் திசை, எவ்வளவு தூரம். வேறு ஊருக்குப் போகிற வழியிலும் திரையின் ஊசி அவள் பக்கமே திரும்பி நிற்கிறது. பேட்டரிதான் தீர்கிறது. நாற்பத்தாறு வயதில் இது தேவையா? தேவைதான். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வேறெதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 15, வியாழன்

போனேன்.

சான் ரஃபாயெல் பண்ணையில் இறைச்சி ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் விலகினேன். எரிபொருள் செலவு கொஞ்சம்தான் கூடுதல். கீழே எங்கும் தண்ணீர். ஆறு எது, புல்வெளி எது என்றே தெரியவில்லை. காட்டுத் திட்டுகள் எல்லாம் ஒரே அச்சு. ஊசி மட்டும் அசையாமல் நேரே காட்டியது. மூன்று மைல், இரண்டு, ஒன்று. கருவி கூவியது: வந்துவிட்டாய்.

எங்கே வந்தேன்? கீழே ஏரி. இரண்டு வரிசை வேலிக்கம்பங்களின் நுனி மட்டும் வெளியே. அதற்கு நடுவில்தான் ஓடுதளம் — முழுகிக் கிடக்குது! அட முட்டாளே, வெள்ளம் வந்தா மாடு மேட்டுக்குப் போகும், ஜனம் மேட்டுக்குப் போகும், ஓடுதளமும் கூடவே போகும். பெனியில பொறந்த கன்னுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எண்ணைப் பார்த்ததும் மூளையைக் கழட்டி வச்சிட்டேனா?

மேடு எந்தப் பக்கம்? தெரியாது. ரேடியோவில் கூப்பிட்டேன். நேரமல்லாத நேரம், யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் இருந்தாள்.

“கேக்குது கேப்டன். உங்க இன்ஜின் சத்தமே கேக்குது. தெற்கே தள்ளி இருக்கீங்க. திரும்புங்க... இன்னும்... ஆங், சத்தம் பெருசாகுது. அப்படியே வாங்க. வலது பக்கம் கொஞ்சம்.”

நடுவில் இன்னொரு குரல், எந்தப் பண்ணையிலிருந்தோ எலிசெயோ கிழவர்: “வலது இல்லம்மா! காத்து சத்தத்தை இழுக்கும், இடது சொல்லு!”

“என் காது என்கிட்ட இருக்கு, நீங்க சும்மா இருங்க!”

அவள் காதே ஜெயித்தது. ஒரு காட்டுத் திட்டின் விளிம்பில் மாடுகள், தற்காலிகக் கொட்டகை, கைக்குட்டை அகல ஓடுதளம். சேற்றில் வழுக்கி நின்றேன்.

ரப்பர் பூட்ஸில் வந்தாள். தலை முன்னைவிட நரைத்திருந்தது, அழகாக இருந்தாள். வாழைக்காயோடு உப்புக்கண்டத்தை இடித்துச் செய்த மசாகோவும் காப்பியும் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். என்ன பேசினேன் தெரியுமா? மழையைப் பற்றி. எதிரில் உட்கார்ந்துகொண்டு, கேட்க யாருமில்லாத இடத்தில், மழை!

மேகம் கூடியது, இறைச்சி கெடும் என்று எழுந்தேன். அவள் ஓடுதளத்திலிருந்து மாடுகளை விரட்டிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 16

காலை ரேடியோ. மருந்து, மழை, காணாமல் போன காளை எல்லாம் முடிந்த பிறகு அவள்: “கேப்டன், நேத்து ஏதோ சொல்ல வந்துட்டு சொல்லாமலே போயிட்டீங்க. இப்போ சொல்லுங்க. ஓவர்.”

ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் அலைவரிசை. இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எலிசெயோகூட.

பொத்தானை அழுத்தினேன். “அர்மிந்தா, சாந்தா குரூஸ் வேணாம். என் வீட்டுக்கு வந்துடுங்க. என்னைக் கட்டிக்கோங்க.” ஓவர் சொல்ல மறந்து பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். அதை விட்டால்தானே அவளால் பேச முடியும்? விட்டேன்.

இரைச்சல். பிறகு: “கேட்டுச்சு. ஆனா உங்க விமானத்துல சீட்டே இல்லையே கேப்டன். மாட்டுத் தொடை மேல உக்காந்து நான் வர மாட்டேன். சீட்டை மாட்டிட்டு வாங்க. ஓவர்.”

அதன் பிறகு நாற்பது பண்ணையும் ஒரே நேரத்தில் பேசியது. ஒன்றும் புரியவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20

கார்னிவல். ஊரே குடித்துக் கிடக்கிறது, மெக்கானிக்கும்தான்.

பிப்ரவரி 22

முதலாளி தோன் ரோமுலோவிடம் சீட் பற்றிச் சொல்லத் தயங்கி நின்றேன். “தவக்காலம் தொடங்கியாச்சு, கறி யாருடா வாங்கறான்? ரெண்டு சீட்டாவே மாட்டிக்கோ” என்றார். அவரும் கேட்டிருக்கிறார்.

பிப்ரவரி 26

மேட்டு ஓடுதளத்திலும் தண்ணீர் ஏறுகிறதாம். சீட் தயார். நாளை காலையை விட்டால் அவள் படகில் ஏறிவிட வேண்டியதுதான். வானமே, ஒரு காலை மட்டும் கொடு.

மார்ச் 4, திங்கள்

ஆறரைக்கு ரேடியோவைத் திருப்பினேன், பழக்கதோஷம். யாரோ லாஸ் கார்சாஸைக் கூப்பிட்டபோது பதில் சொன்னது முன்பின் கேட்டிராத ஓர் ஆணின் குரல், புது முதலாளியின் ஆள். தண்ணீர் வடிந்தால் எந்தப் பக்கம் முதலில் காயும், மாட்டை மேட்டிலிருந்து எங்கே இறக்குவது என்று திணறிக்கொண்டிருந்தான்.

“சத்தத்தைக் கூட்டுங்க” என்றாள் அர்மிந்தா, அடுப்படியிலிருந்து. “அந்த ஆளு தப்பான இடத்துல இறக்கிடப் போறான்.”

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு நான் காப்பியைப் பார்த்துக்கொண்டேன்.