அப்பாவின் நாடி நின்ற செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை உன் அப்பா மட்டும் கால் மணி நேரம் செத்துப்போயிருந்தார், இப்போது அவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீ அனுப்பிய கைக்கடிகாரம் எப்படி என்று கேட்டிருந்தாய். விலை குறைவு என்று கூச்சப்படாதே, கனமே இல்லை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க வருகிறது, நனைந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதற்குக் கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பா ஏணியில் நின்ற இடத்தில் நின்று பெயின்ட் அடித்தால், பதினோராயிரம் அடி நடந்ததாகப் பாராட்டி மணியடிக்கிறது. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரம்மாவிடம் அதையே நீட்டி, "ஒரு சுவருக்கே இவ்வளவு, இன்னும் நாலு சுவர் அடிச்சா ஊரையே தாண்டிருவேன்" என்கிறார். நான் சோதித்துப் பார்க்க அதை ஒரு வெள்ளரிக்காயில் கட்டினேன், நாடி எழுபத்தெட்டு என்றது. அந்தக் காயை நறுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தவர் கையைப் பார்த்தார், நாடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. உடனே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "பேசிட்டுத்தானே இருக்கீங்க" என்றேன். "அது மிச்சம் இருந்த மூச்சு" என்றார். உன் சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னார். தன் வீட்டுக்கு அப்பா அடித்த பச்சையை அவர் குளத்துப் பாசி என்று சொன்னதில் ஒன்பது வருஷமாகப் பேச்சே இல்லை, உனக்குத்தான் தெரியுமே. மனிதர் பக்கத்துத் தெரு மரக்கடையிலிருந்து தலையெல்லாம் மரத்தூளோடு ஓடி வந்தார், காலில் செருப்பு இல்லை. அப்பா அவர் கையைப் பிடித்து, "தம்பி, அந்தப் பச்சை தப்புதான்டா" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள், நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கடிகாரத்தின் அடியில் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தின்னர் தொட்டுத் துடைத்து மாட்டினேன், எழுபத்து நான்கு. அப்பா சட்டென்று கையை உருவிக்கொண்டு, "சாகப்போறேன்னு நினைச்சுச் சொன்னது, செல்லாது" என்றார்.

சித்தப்பா விடுவாரா? தினமும் சாயங்காலம் வந்து, "வாண்ணே, சுவரைப் பார்த்துச் சொல்லு" என்று அழைத்துப்போகிறார். கடைதான் பக்கம், அவர் வீட்டுக்குப் போக அரை மணி, திரும்ப அரை மணி, வழி நெடுகச் சண்டை. சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது என்று டாக்டரம்மா ஆச்சரியப்படுகிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, லீவில் வரும்போது யார் கேட்டாலும் அந்தப் பச்சையைப் பற்றி வாயைத் திறக்காதே. முடிவு தெரிந்துவிட்டால் இவர்கள் நடப்பதை நிறுத்திவிடுவார்கள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா