வயல் வரப்பில் ஜெர்மனி மணி

தா.பழூர்,
10. 8. 1980, ஞாயிறு

அன்பு மகள் மலர்கொடிக்கு அம்மா அம்சவள்ளி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். மேலே தேதியைப் பார்த்தாயா, உங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்திருக்கிறேன். புறப்படும் முன் ஜெர்மன்காரர்களிடம் மணி கேட்கவும் தேதி சொல்லவும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தாயே, அந்த நோட்டு இப்போது என் தலைமாட்டில்தான் இருக்கிறது. படிக்கப் படிக்கச் சந்தேகம் வருகிறது. இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்கிறார்களே, கடையில் சில்லறை கொடுப்பவன் தடுமாற மாட்டானா? ஒன்றரை மணியைப் பாதி இரண்டு என்கிறார்களாம். அதை இரண்டரை என்று எண்ணி நீ முதல் நாளே ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய்த் திட்டு வாங்கியதைப் படித்து அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தால் அவர்கள் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, இரண்டாவது மணியில் பாதி உழைத்தாயிற்று என்று ஒப்புக்கொள்கிறார்கள். இங்கே முழு மணி உழைத்தாலும் யார் ஒப்புக்கொண்டார்கள்? மாலை ஐந்தரையை ரயிலில் போடுவதுபோல் பதினேழு முப்பது என்று எழுதுகிறார்களாமே, வயலில் வேலை செய்கிறவளுக்கும் அதே கணக்குதானா, அவள் கையிலும் கடிகாரம் உண்டா, கேட்டு எழுது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி பஸ் போனதும் பெண்கள் கரையேறலாம் என்று போன வருஷம் பண்ணையோடு பேசி முடித்தோம் அல்லவா, அந்த பஸ் என்றைக்கு ஐந்துக்கு வந்தது? ஐந்தே முக்காலுக்கு வரும், சில நாள் வராமலே போகும், நாங்கள் நாற்பது பேரும் கண் தெரியாமல் போகும்வரை குனிந்து களை பறிப்போம். போன செவ்வாய்க்கிழமை, உன் சிநேகிதியிடம் நீ கொடுத்தனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். நேரமானதும் நிமிர்ந்து, அஞ்சாயிடுச்சு, ஏறுங்கடி என்றேன். பண்ணையின் காரியக்காரன் கொளஞ்சியப்பன் வரப்பில் நின்றுகொண்டு, பஸ்ஸே வரல, அதுக்குள்ள எந்த ஊரு அஞ்சு, கையக் காட்டு என்றான். காட்டினேன். ஒன்றரை. அங்கத்து மணியை நான் மாற்றவே இல்லை மலரு, சாவி கொடுக்கும்போதுகூட முள்ளைத் தொட்டதில்லை, நீ இந்நேரம் வேலைக்குக் கிளம்பியிருப்பாய், சாப்பிட்டிருப்பாய் என்று பார்க்கத்தானே அதைக் கட்டியதே. மூன்றரையைக் கூட்டி நம் மணியைத் தெரிந்துகொள்வது எனக்குப் பழகிப்போச்சு, அவனிடம் நீட்டும்போது அது உறைக்கவில்லை. ஒன்றரைக்கே வூட்டுக்குப் போறாளுவளாம், சீமைக் கடியாரமில்ல என்று அவன் இளித்தான். பக்கத்தில் களை பறித்த கலியம்மாள் சும்மா இருப்பாளா, அதுவாச்சும் ஓடுது, ஒங்க பஸ்ஸு எங்க ஓடுது என்றாள். விரல் விட்டு எண்ணிக் காட்டியும் அவன் மசியவில்லை. பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளில் வந்த அய்யாக்கண்ணு சாரை நிறுத்தி மணி கேட்டோம். அஞ்சு அஞ்சும்மா என்றார். அவ்வளவுதான், நாற்பது பேரும் கரையேறினோம். அன்றிலிருந்து தினமும் ஐந்துக்குத்தான். அடுத்த நடவுக்கு வெளியூர் ஆள் இறக்குவேன் என்று பண்ணை மிரட்டியிருக்கிறது. இறக்கட்டும், அவர்களுக்கும் நான் மணி சொல்வேன்.

பேசாம நம்ம மணிக்கு மாத்தேன் என்கிறார் அப்பா. மாட்டேன். ஆனால் போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த மாதக் கடைசியில் உங்கள் அரசாங்கமே நாட்டிலுள்ள எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் திருப்பி வைக்கிறதாமே, அப்படியும் ஒரு ஊரா? இங்கே ஒரு பஸ்ஸை ஐந்துக்கு வரவைக்க ஆளில்லை. முன்னாலா பின்னாலா, எந்தத் தேதி என்று நீ சொல்லாமல் விட்டுவிட்டாய். நீ திருப்புகிற அன்றைக்கே நானும் திருப்ப வேண்டும், அப்புறம் நான் கூட்டுவது இரண்டரையா நாலரையா என்று தெரிய வேண்டும்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். யார் முன்னாலும் குனியாமல் நூறு வயது நன்றாக இரு, அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். தேதியைப் புள்ளி வைத்துத் தெளிவாக எழுது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் போடு. நான் தப்பாகக் கூட்டினால் நாற்பது பேர் ஒரு மணி நேரம் கூடக் குனிவார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. அம்சவள்ளி
(இப்போது உனக்குப் பாதி இரண்டு. சாப்பிட்டாயா?)