பிடிலின் தலை சாயுமிடம்

மல்லேஸ்வரம்,
12 ஆகஸ்ட் 1944

என் குழந்தைக்கு,

நீ இருக்கும் ராணுவ ஆஸ்பத்திரியின் டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. அதில் இருப்பதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை.

அன்றைக்கு வேறு எதிலும் மனம் செல்லாமல் உன் பிடிலை எடுத்துப் பார்த்தேன். மழை ஈரத்தில் பசை விட்டு, கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. அல்சூரில் சர்ச் பிடில்களைப் பழுதுபார்க்கும் ஆம்ப்ரோஸிடம் கொண்டுபோனேன்.

"ஒட்டிடலாம் சாமி. உங்க பையன் தரையில உக்காந்து, பாதத்து மேல வெச்சு வாசிக்கிறவர்தானே?" என்று கேட்டார்.

உன் ஏழாவது வயதிலிருந்து அதன் தலை உன் வலது பாதத்தின் மேல்தான் சாய்ந்திருந்தது.

"இல்லை. இனிமே நாற்காலியில உக்காந்து, தாடைக்கு அடியில வெச்சுண்டு வாசிப்பான்" என்றேன்.

"அப்போ பாரம் இடது கைக்கு வரும். கழுத்தைக் கொஞ்சம் இழைச்சு மெலிசாக்கித் தர்றேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

நேற்று வாங்கி வந்தேன். கழுத்து வேறு யாருடைய பிடிலோ போல் இருக்கிறது. பழகிவிடும்.

அம்மாவிடம் காயம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இன்று காலை கூடத்தில் உனக்காக ஒரு நாற்காலி போட்டேன். அவள் புதுப் பாயோடு வந்து நின்றாள்.

"இதை எடுங்கோ. குழந்தை காலை நீட்டி உக்கார இடம் வேண்டாமா?"

நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

உன் அப்பா