திருப்பிப் போட்ட பைஜாமா

டாரில்,

ராத்திரி முழுக்க ரோட்டுப் பனி அள்ளிட்டு அலுத்துப்போய் வருவே, தெரியும். வந்ததும் படுத்துடாதே. பனியால இன்னைக்கும் ஸ்கூல் லீவு. நீ வர்ற வரைக்கும் நம்ம ஹேடிய மாடிவீட்டு மார்ஜ் பாத்துக்குவாங்க. அடுப்புல சூப் இருக்கு, சூடு பண்ணிக் கொடு. நான் இன்னொரு நாள் லீவு போட்டா வேலையே போயிடும்.

நேத்து பெற்றோர் கூட்டத்துல "ரோடு சரியில்ல, நாளைக்கும் ஸ்கூல மூடுங்க"ன்னு சொன்னியே, எல்லாரும் கை தட்டினாங்க. "பிள்ளைய யாரு பாத்துக்கறது?"ன்னு நான் கேட்டப்போ நீகூடத் திரும்பிப் பாக்கல.

கோரின்

பி.கு.: பைஜாமாவை உள்பக்கம் வெளிய தெரியத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் படுத்தா பனி கொட்டி லீவு விடுவாங்கன்னு பிள்ளைங்க நம்புறாங்களாம்; ஹேடி நேத்தும் அப்படியே படுத்தா. அவ தூங்கினப்புறம் நான்தான் நேராக்கி மாட்டிவிட்டேன். அப்படியும் லீவு விட்டுட்டாங்களே, டாரில்.