ஏழாவது வில்லையில் சந்தனம்

ஃப்ரீமான்ட்
ஜூன் 14

அன்புள்ள ரக்ஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்த டெக்சஸ் வெயிலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டவள் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், மெதுவாகப் படி. போனில் சொன்னால் நீ இட்ஸ் ஓகேம்மா என்று முடித்துவிடுவாய், இது அப்படி முடியக்கூடாது.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை அப்பா எத்தனை முறை பார்த்தார் என்று தெரியவில்லை. பைக்கை என்ஜின் பலத்தை அளக்கும் உருளை மேல் ஏற்றிக் கட்டி நீ ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறியபோது காதைப் பொத்திக்கொண்டேன், திரையில் நூற்று முப்பத்தொன்று என்று வந்து உன் முதலாளி டேல் தொப்பியைக் கழற்றிய பிறகுதான் கையை எடுத்தேன். புதிதாக வந்தபோதே அந்த என்ஜினுக்கு நூற்றுப்பத்து ஹார்ஸ்பவர்தானாம், நீ வாங்கும்போது உடைந்து கிடந்தது. மவுரி அவென்யூ கடையில் அப்பா பர்வதம் ஆன்ட்டியிடம் என் பொண்ணு நூத்தி முப்பத்தொண்ணு எடுத்துட்டா என்றார், அவர் எத்தனைக்கு என்று கேட்டார். அப்பா அசரவில்லை, வெண்டைக்காய்க் கூடை பக்கத்தில் நின்று பெரிய பிஸ்டன் போட்டதிலிருந்து டேல் உன் வேலையை நிரந்தரமாக்கியது வரை விளக்கிவிட்டுத்தான் வந்தார். இவர்தான் போன வருஷம், அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் என்ஜின் ஓடவில்லையென்றால் பேசாமல் சான் ஹோசே ஆபீஸ் வேலையில் சேர்ந்துவிடு என்று கெடு வைத்தவர்.

இனி நான் சொல்ல வேண்டியது. நீ டேலின் பைக் கடையைப் பார்க்க டெக்சஸில் ஆலன் ஊருக்குப் போயிருந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கராஜில் பதினெட்டு முட்டை வைக்கும் அட்டைப் பெட்டியில், வால்வுக்கு ஒன்றாகப் பதினாறு சின்ன இரும்பு வில்லைகளை எண் போட்டு வைத்திருந்தாய். உன் ஆயுதம் அதுதானே என்று எல்லாவற்றையும் எடுத்து எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாயங்காலம் கைக்கு வந்தபடி குழிகளில் திரும்பப் போட்டேன். எல்லாம் சட்டை பட்டன் போல ஒரே மாதிரி இருந்தன, தலைமுடி அளவு கனம் மாறும் என்று எனக்குத் தெரியாது. மாறிப் போட்டு ஓட்டினால் வால்வு மூடாமல் எரிந்துபோகும் என்பதும் தெரியாது.

நீ வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாய். பிறகு காரணம் சொல்லாமல் அப்பாவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டாய். அப்போது நான்தான் முந்திக்கொண்டு, எதையும் நாள் கடத்துறதே உனக்குப் பழக்கமாப் போச்சு, உன்னால ஒரு காரியத்தை நேரத்துக்கு முடிக்க முடியாதா என்று அப்பா எதிரிலேயே பேசினேன். நீ சரிம்மா என்று கராஜுக்குப் போய்விட்டாய். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று நீ சான் ஹோசேயில் பிடிக்காத நாற்காலியில் இருந்திருப்பாய், அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன், எனக்கு அது தெரிந்தே இருந்திருக்காது.

போன ஞாயிறு கராஜைப் பெருக்கும்போது உன் நோட்டு கிடைத்தது. அம்மா பூஜை பண்ணியிருக்கா, பதினாறையும் மறுபடி அளக்கணும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். கீழே ஒவ்வொன்றின் கனமும் மில்லிமீட்டரில். ஏழாவதற்கு மட்டும் இரண்டு: சந்தனத்தோடு 2.55, இல்லாமல் 2.45. பெருக்குவதை விட்டுவிட்டு, வில்லை மாறினால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் தப்புக் கண்டுபிடித்துத்தான் இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன், என் தப்பைக் கண்டுபிடித்தவள் யார்மேலும் புகார் எழுதாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறாள். நோட்டை அப்பாவிடம் காட்டி எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், சந்தனத்தையும் அளந்திருக்கா பாரு என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாயுடன் அந்த நோட்டையும் பார்சலில் வைத்திருக்கிறேன். வெயில் எவ்வளவு அடித்தாலும் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் இல்லாமல் பைக்கை எடுக்காதே. இந்த வருஷப் பூஜைக்கு உன் கடையில் எங்கே பொட்டு வைக்கலாம் என்று நீயே சொல், நான் என்ஜினின் வெளிமூடியைத் தாண்ட மாட்டேன். உன் கையும் கண்ணும் நன்றாக இருக்க வேண்டும், நீ தொட்டதெல்லாம் ஓட வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார். தப்பு யாருடையது என்ற இடம் காலியாக இருந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு தப்பைப் பதியும்போது அதைக் காலியாக விட மாட்டோம். என் பெயரை எழுதித் தேதி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வான்மதி