முப்பது குடத்தில் கழுவிய வண்டி

14 நவம்பர் 2024, வியாழன்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிருபா போன் செய்தாள். என் வாடகைக் கார் பாலிசி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். போன வருஷம் இருபத்து நாலாயிரம் கட்டினேன். இந்த வருஷம் முப்பத்தோராயிரம். ஏன் என்று கேட்டால், “எல்லாத்துக்கும் ஏறிடுச்சுண்ணா, நான் இன்னா பண்றது?” என்கிறாள். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள், கட்டுகிற பணத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்? ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவனுக்கும் இதே ரேட்டு, குடித்துவிட்டுப் புளியமரத்தில் மோதுகிறவனுக்கும் இதே ரேட்டு.

“என்ஜினுக்குத் தனியா ஒண்ணு இருக்குதுண்ணா. இன்னும் மூவாயிரம் கட்டினா, தண்ணி பூந்து என்ஜின் போனாலும் குடுப்பாங்க” என்றாள். என் வண்டி என்ன படகா என்று கேட்டேன். சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

16 நவம்பர்

கட்டியாச்சு. சென்னை ஏர்போர்ட் வாடகை மூன்று ஓடினாலும் இதுக்கு ஆகாது.

30 நவம்பர், சனி

காலையிலிருந்து ஒரே மழை. புயல் ராத்திரிக்குள் கரையைக் கடக்கும் என்கிறார்கள். வண்டியைக் கொண்டுபோய் மெயின் ரோட்டு மேட்டில் விடச் சொன்னாள் என் மனைவி ரேகா. அங்கே ஈசிஆரில் விட்டால் மரம் விழும், எவனாவது கண்ணாடியை உடைப்பான், கண்ணெதிரே வாசலிலேயே இருக்கட்டும் என்றேன்.

2 டிசம்பர், திங்கள்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கரண்ட் இன்னும் வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் பார்த்தால் உப்பளம் எது, தெரு எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். வாயில் பட்டால் கரிக்கிறது. வண்டிக்குள் சீட்டு வரை ஏறி நின்றது. எட்டு மணிக்கு மேல் வடிந்து, பாதி டயருக்கு இறங்கியது. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. உயிர் இருக்குதா பார்ப்போம் என்று சாவியை இரண்டு தடவை திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விட்டுவிட்டேன்.

போனில் சார்ஜ் இல்லை. நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய், ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக் கிருபாவைப் பிடிப்பதற்குள் மாலை நாலு மணி. திரும்பி வந்தால் ரேகா வண்டியைக் கழுவி முடித்திருந்தாள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று முப்பது குடம் பிடித்திருக்கிறாள், அதுவும் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில். மிதியடி, கதவு இடுக்கு, பானெட்டுக்குள் ஒயர் ஒயராக எல்லாம் கழுவியிருந்தாள். “உப்புத் தண்ணி பட்ட இரும்பை அன்னிக்கே நல்ல தண்ணியில அலசணும், இல்லன்னா தின்னுடும்” என்றாள். பத்து வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். அங்கே பம்ப் செட்டை அப்படித்தான் செய்வார்களாம். வண்டி பளபளவென்று நின்றது. நிஜத்தைச் சொல்கிறேன், பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது.

6 டிசம்பர், வெள்ளி

விழுப்புரத்திலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?”

“சீட்டு வரைக்கும் சார்.”

“அடையாளமே காணுமே. சேறு இல்ல, கோடு இல்ல. ஷோரூம்லேர்ந்து எடுத்தாந்த மாதிரி நிக்குது. நான் இன்னான்னு எழுதறது?”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தெருவே கூடி நிற்கிறது. லாரித் தண்ணீருக்கு வந்த பொம்பளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். ரேகாவைப் பார்த்துக் கத்தினேன். “உன்னை யாருடி கழுவச் சொன்னது? உப்பு வார்ற புத்தி எங்க போவும்? என் பொழப்பையே கழுவி ஊத்திட்டியே!” அவள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என்ஜினைப் பிரித்துப் பார்த்துத்தான் மிச்சம் என்றார்.

7 டிசம்பர்

ரேகா என்னிடம் பேசவில்லை. “அம்மா சாப்பிடச் சொல்றாங்கப்பா” என்று ஷாலினி வந்து சொல்கிறாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண்ணை நடுவில் நிற்க வைத்திருக்கிறோம்.

கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கழுவாமல் விட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதே?

16 டிசம்பர், திங்கள்

வண்டி பொம்மையார்பாளையத்தில் சகாயநாதன் பட்டறையில் இருக்கிறது. வரிசையில் ஒன்பதாவது. இன்றுதான் என்ஜினைப் பிரித்தார்.

உள்ளேயிருந்து ஒரு பிஸ்டன் ராடை எடுத்து என் கையில் கொடுத்தார். வளைந்திருந்தது. “தண்ணி உள்ள இருக்கசொல்ல யாரோ ஸ்டார்ட் போட்டிருக்காங்க. சும்மா தண்ணியில நின்னதுக்கு இது வளையாது. யாருப்பா போட்டது?”

“தெரியலையே” என்றேன்.

எவ்வளவு சுளுவாக வாயில் வந்துவிட்டது!

அதோடு விட்டாரா? பக்கத்து வண்டியின் பானெட்டைத் திறந்து காட்டினார். ஒயர் முனையெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. “இதெல்லாம் இன்சூரன்ஸ்காரன் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு வெச்சிருந்த வண்டி. ஒயரிங் மொத்தமும் மாத்தணும். உன் வண்டியில ஒரு ஒயர் போவலை. யாரோ ஒக்காந்து பொறுமையா கழுவியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடு” என்றார்.

என்ஜின் வேலைக்கு மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம். பாதிப் பணம் முன்னாடி வைத்தால்தான் சாமான் ஆர்டர் போடுவார்.

திரும்பி பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

17 டிசம்பர்

சொல்லவில்லை.

21 டிசம்பர், சனி

வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் வண்டி வேலையில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். ரேகா சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். நானும் சுவருக்கே பதில் சொல்கிறேன்.

30 டிசம்பர், திங்கள்

இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. பத்து வரி இங்கிலீஷ். கிருபாவிடம் கொண்டுபோய் அர்த்தம் கேட்டேன்.

தண்ணீர் நின்றதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அஞ்சம்மாளின் பையன் அன்றைக்குக் காலையில் மாடியிலிருந்து எடுத்த போட்டோவைக் கிருபா அனுப்பியிருந்தாள், அதில் தெளிவாகத் தெரிகிறதாம். சீட்டு, மிதியடிக்கெல்லாம் இருபத்திரண்டாயிரம் தருகிறார்கள். என்ஜினுக்கு ஒரு பைசா கிடையாது. வளைந்த ராடைப் பார்த்து சர்வேயர் எழுதியிருக்கிறாராம்: தண்ணீர் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யப்பட்டதால் வந்த சேதம், அதற்கான தனிப் பாதுகாப்பும் எடுக்கப்படவில்லை.

“யாருண்ணா ஸ்டார்ட் பண்ணது?” என்று கிருபாவும் கேட்டாள். கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஆக, ரேகா கழுவியதால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எல்லாம் நான் செய்தது. மூவாயிரம் மிச்சம் பிடித்த மகாராசன் நான்.

கடிதத்தை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன்.

31 டிசம்பர்

சொல்லவில்லை. வருஷக் கடைசியில் எதற்கு என்று விட்டேன்.

1 ஜனவரி 2025

வருஷப் பிறப்பு அன்றைக்கு எதற்கு என்று விட்டேன்.

3 ஜனவரி, வெள்ளி

அய்யோ.

மத்தியானம் ரேகா வெளியே போனாள். திரும்பி வந்து மேஜையில் ஒரு கவரை வைத்தாள். நாற்பதாயிரம். உப்பளக் கான்ட்ராக்டர் பச்சமுத்துவிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். இந்த சீசன் முழுக்க வேலைக்கு வருகிறேன், பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் உப்பளத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பாதம் வெடித்து ரத்தம் வந்து, செருப்புப் போட முடியாமல் கிடந்தாள். இனிமேல் உப்புத் தண்ணியில் காலை வைக்கவே கூடாது என்று ஜிப்மர் டாக்டர் சொன்னார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் வண்டியில்தான்.

“என்னாலதான போச்சு. நானே கட்டிடறேன்” என்றாள். அதையும் ஷாலினியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கவரைக் கையில் எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். எண்ணுறான் பார், மனுஷனா இவன்?

4 ஜனவரி

இருபத்திரண்டாயிரத்தோடு அவள் பணத்தையும் சேர்த்துப் பட்டறையில் கட்டிவிட்டேன். இனி திருப்பித் தரவும் முடியாது.

9 ஜனவரி, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ரேகா அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஷாலினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். வாசற்படியில் நின்றே சொன்னேன். “சாவியைத் திருப்பினது நான்தான். என்ஜின் அதனாலதான் போச்சு. நீ கழுவினதால ஒண்ணும் ஆவலை.”

அவள் அருவாமணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்த தேதியை மட்டும் பார்த்தாள்.

“இது எப்ப வந்துச்சு?”

“முப்பதாம் தேதி.”

“நான் பச்சமுத்துகிட்ட போய் நின்னது?”

“மூணாம் தேதி.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை என்னிடமே நீட்டிச் சொன்னாள். “உப்பு வார்ற புத்தின்னு தெருவுல வெச்சு சொன்னீங்க இல்ல? தெருவுல வெச்சே இதையும் சொல்லுங்க.”

குழம்பு வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

14 ஜனவரி

பொங்கல். ஷாலினிதான் பொங்க வைத்தாள்.

24 ஜனவரி, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. மீதிப் பணம் மாசா மாசம். என்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது. முதல் வாடகை கிளியனூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள். “வண்டி புதுசா?” என்று கேட்டார்கள்.

28 ஜனவரி

டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். “விடுப்பா, யாராயிருந்தாலும் திருப்பிப் பார்க்கத்தான் செய்வான்” என்றான் ஒருவன். வீட்டுக்கு வந்து, சொல்லியாச்சு என்றேன்.

“எங்க?” என்றாள் சுவரைப் பார்த்து.

“டீக்கடையில.”

“அவங்களா அன்னிக்கு நின்னவங்க?”

நியாயம்தான். ஆனால் அந்தப் பொம்பளைகள் முன்னால் போய் நிற்பதா? ஐம்பது வயது ஆகப் போகிறது எனக்கு.

3 பிப்ரவரி, திங்கள்

வெள்ளம் வடிந்து பாத்தி கட்டுகிற வேலை ஆரம்பித்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து சோறு கட்டிக்கொண்டு போனாள். வண்டியில் விடுகிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை. தெருமுனைக்கு நடந்து போய், எல்லோரோடும் உப்பள வேனில் ஏறினாள்.

8 பிப்ரவரி, சனி

இடது பாதம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க முடியவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

ஆறு மணிக்குத் தெருமுனைக்குப் போனேன். வேனுக்குப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்குக் குடத்தோடு நின்ற அதே ஆட்கள். ரேகா கடைசியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. “அன்னிக்கு இவளை நான் கத்தினேன் இல்ல? தப்பு என்னுதுதான். தண்ணியோட சாவியைப் போட்டு என்ஜினைக் கெடுத்தது நான். இவ கழுவலைன்னா ஒயரிங்கும் போயிருக்கும். அது தெரிஞ்ச பிறகும் இவளை வேலைக்கு அனுப்பிட்டேன்” என்றேன்.

அஞ்சம்மாள்தான் முதலில், “இதைச் சொல்ல ரெண்டு மாசமாப்பா?” என்றாள். ஒருத்தி சிரித்தாள். ரேகா சிரிக்கவில்லை. வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆறரைக்கு வந்தாள். கால் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வரி படிக்கவில்லை.

“நாளைக்கு வாடகை இருக்குதா?” என்றாள்.

ஷாலினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ரேகா அவளைக் கேட்கவில்லை. சுவரையும் கேட்கவில்லை.

“இருக்குது, பாண்டிக்கு. ஒன்பது மணிக்குத்தான்” என்றேன்.

“அப்பன்னா ஆறு மணிக்கு என்னை உப்பளத்துல விட்டுடுங்க. தெருமுனை வரைக்கும் நடக்க முடியலை.”

முன்பணம் கழிய ஆடி மாசம் ஆகும். அதுவரைக்கும் அவள் போய்த்தான் ஆக வேண்டும்.