ஸ்டேஷனில் நின்ற வீட்டு ஆள்

இஞ்சாருங்கோ,

இன்று விடியற்காலை உங்களுடைய போன் அடித்தது. மணிச்சத்தத்தை நான் இன்னும் மாற்றவில்லை. கனடாவிலிருந்து மகன். "அம்மா, உங்கடை பேத்தி கொழும்பிலை இறங்கிட்டாள். மத்தியான ரெயினிலை வாறாள். பிக் அப் பண்ண ஆர் போவினம்?"

அந்தச் சொல்லை நீங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்து விளக்கிய நாள் நினைவு வந்தது. போன் அடித்தால் எடுப்பதும் பிக் அப், வந்திறங்குகிறவரைப் போய்க் கூட்டிவருவதும் அதுதான். கேட்டுக் கேட்டே ஒரு பாஷை பழகினாலும், நோயில் கிடந்த வருத்தக்காரன் தேறி வந்தாலும் அதே சொல்தானாம்.

"ஏன், அவங்களுக்குச் சொல் பஞ்சமோ?" என்றேன்.

"நீர் ஒரே அகப்பையாலை சோறும் குழம்பும் அள்ளுறேல்லையே?" என்று சிரித்தீர்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். ஆனாலும் அந்தச் சொல்லை எந்த இடத்திலும் பிழைவிடாமல் சொல்வேன். அதில் எனக்குப் பெருமைதான்.

போன மாரியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டொக்டர் அந்தச் சொல்லைத் தாதியிடம் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது. "தேறுறியளாம்!" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "அதை விடும். பேத்தி வந்திறங்கேக்கை ஸ்டேஷனிலை வீட்டு ஆள் நிக்கவேணும். ஓட்டோக்காரனை மட்டும் அனுப்பிப்போடாதையும்."

அந்தக் கிழமை முடிய முன்னமே போய்விட்டீர்கள்.

இன்று நான் சீலை மாற்றி வெளிக்கிட, உங்கள் தங்கை படலை வாசலில் மறித்தாள். "மச்சாள், நீங்கள் நில்லுங்கோ. முதன்முதல் வாற பிள்ளை, இறங்கினவுடனை தாலியில்லாத முகத்திலையே முழிக்கிறது? முழுவியளம் சரியில்லை, சகுனப்பிழை. நான் போறன்."

கோபத்தில் சொல்லவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயம். எனக்கும் அது இருந்தது. உங்களைச் சுடலைக்கு அனுப்பிய நாளிலிருந்து ஒரு நல்ல காரியத்திலும் நான் முன்னுக்கு நின்றதில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தும் விட்டேன்.

பிறகு நிமிர்ந்தேன். "வீட்டு ஆள் எண்டு உங்கடை அண்ணை என்னைத்தான் சொன்னவர். நீங்களும் வாங்கோ."

முணுமுணுத்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினாள்.

கொக்குவிலில் ரெயின் நின்றது. பேத்தி இறங்கினாள். உங்கள் உயரம், உங்கள் நெற்றி. வீம்பாக வந்த எனக்கு அங்கே அந்தப் பயம் திரும்பிவிட்டது. தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். போனில் என்னோடு "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் கதைக்காத பிள்ளை, நேரே என்னிடம் வந்தாள்.

"என்ன அப்பம்மா, ஒளிச்சு விளையாடுறியளோ?"

அந்தக் கேலியும் அந்த இழுவையும் உங்களுடையவை. ஞாயிறுதோறும் நீங்கள் போனில் அளந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டே பழகியிருக்கிறாள். உங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அண்ணை கதைக்கிற மாதிரியே கிடக்கு, மச்சாள்."

திரும்பி வரும்போது பிள்ளையை என் பக்கத்தில் இருக்கவிட்டு, உங்கள் தங்கையே முன்னுக்கு ஓட்டோக்காரனோடு ஒண்டிக்கொண்டாள்.

இப்போது பேத்தி கிணற்றடியில் நிற்கிறாள். உங்கள் போன் திரும்பவும் அடிக்கிறது. பிள்ளை வந்து சேர்ந்தாளோ என்று மகன் கேட்கப்போகிறான். வீட்டு ஆள் நான்தான். எடுக்கிறேன்.